அண்ணி நுனி கிள்ளிய ஆளிச் செடிகள்

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஓடத் தொடங்கிவிட்டேன். ஐம்பதைத் தாண்டிய ஒருத்தி, ஒரு கையில் தையல் பையும் மறு கையில் கறுப்புக் குடையுமாக, தெல்தோட்டையில் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளுக்கு ஏறும் குறுக்குப் பாதையில் மூச்சு வாங்க ஓடினால் பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பக்கம் நின்ற ஒருவர் பதறிப்போய், "விஜயாக்கா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல! பூ பூத்திருக்கும்!" என்று கத்திக்கொண்டே ஏறினேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. எனக்கென்ன கவலை? ஆறு நாட்களாகக் கண்டிக் கடையில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, மனதால் அந்தப் பாத்தியைத்தான் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். போன ஞாயிறு பார்த்தபோது செடிகள் என் இடுப்பைத் தொட்டிருந்தன. கிளையே இல்லாமல், ஒவ்வொன்றும் ஒரே தண்டாக, அடர்த்தியாக நின்றன. இந்த ஞாயிறு நீலப் பூ விரிந்திருக்க வேண்டும்.

லயத்தின் பின்பக்கம் திரும்பினேன். பாத்தியின் நடுவில் அண்ணி நின்றார். தலையில் துண்டு. இடுப்பில் கொழுந்தெடுக்கும்போது கட்டும் படங்குச் சேலை. கையில் ஒரு நீளக் கம்பு. அவருடைய முகத்தில் இருந்த பெருமையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது.

"வந்துட்டியா விஜி? பாத்தியா, எவ்வளவு மட்டமா இருக்கு!"

பார்த்தேன். பாத்தியின் கீழ்ப்பாதி முழுவதும் தேயிலை மலை போலச் சீராக, ஒரே உயரத்தில் இருந்தது. ஒரு செடிக்கும் நுனி இல்லை. அண்ணியின் காலடியில், ஒரு சுளகு நிறைய, பச்சைப் பசேலென்று ஆளிச் செடியின் நுனிகள் குவிந்து கிடந்தன.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொலர் வைத்த கை

நான் ஆடைத் தொழிற்சாலையை விட்டு வந்து கண்டியில் சின்னத் தையல் கடை போட்ட கதையை முன்பே எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டுக் கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், "தெல்தோட்டையில என்னமோ பயிர் வச்சீங்களாமே, அத ஏன் எழுதல்ல?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். எழுதாமல் இருப்பேனா? அதை எழுதுவதற்காகத்தானே மற்றதையெல்லாம் அவசர அவசரமாக எழுதி முடித்தேன்.

தொழிற்சாலையில் நான் இருந்தது கொலர் வைக்கும் வரிசையில். வெளிநாட்டுக்குப் போகும் லினன் சட்டைகள். பருத்தித் துணியில் கொலர் வைப்பது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை. லினன் அப்படி இல்லை. அது பிடிவாதக்காரத் துணி. மடித்தால் மடித்த இடத்தில் நிற்கும். நாம் நினைத்த பக்கம் வராது. அதனாலேயே எனக்கு அதைப் பிடிக்கும்.

அதைவிட எனக்குப் பிடித்தது அதன் வாசனை. நீராவி இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைத்ததும் ஒரு வாசனை எழும்பும். மழை நின்ற பிறகு வெயில் பட்ட புல்லின் வாசனை. பக்கத்தில் இருந்தவர்கள் ஒன்றும் வரவில்லை என்றார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் வந்தது. இது எந்தச் செடியின் வாசனை என்று பல வருடங்கள் யோசித்திருக்கிறேன். கேட்டால் சொல்வதற்கு அங்கே ஆளில்லை. மேற்பார்வையாளரிடம் ஒருநாள் கேட்டதற்கு, "சாமான் கப்பல்ல வருது, நீ தச்சு அனுப்பு" என்றார்.

பிறகுதான் தெரிந்தது. லினன் என்பது ஆளிச் செடியின் தண்டிலிருந்து உரித்தெடுக்கும் நார். கண்டி மருந்துச் சரக்குக் கடைகளில் போத்தலில் வைத்திருக்கிறார்களே பழுப்பு நிற ஆளிவிதை, மலச்சிக்கலுக்கு நல்லது என்று ஊறவைத்துக் குடிப்பார்களே, அந்த விதையின் செடிதான். இதைக் கேட்ட அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை வருடம் கையில் பிடித்த துணி, நான் பஸ் ஏறும் இடத்துக்குப் பக்கத்துக் கடையில் விதையாக இருந்திருக்கிறது!

அன்று மாலையே நூறு கிராம் வாங்கி, மாடியறையின் இரண்டு பூச்சட்டிகளிலும் தூவினேன். முளைத்தது. குதித்தேன். ஒரு முழம் வளர்ந்ததும் குடை பிடித்த மாதிரி விரிந்து கிளைவிட்டு நின்றுவிட்டது. ஒரு தண்டை உரித்துப் பார்த்தால் நார் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

பேராதனையில் பயிர்களை ஆராய்ச்சி செய்யும் ஒரு மிஸ் என்னிடம்தான் சட்டை தைப்பார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இளையவர். அவரிடம் இந்தச் சோகத்தைச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார்.

"அக்கா, அது எண்ணெய்க்கு வளக்கிற இனம். நாருக்கு வேற இனம் இருக்கு. நெருக்கி விதைச்சா ஒத்தைத் தண்டா உயரமா வரும். கிளை விட்டா நார் துண்டு துண்டாப் போயிடும்."

"நம்ம பக்கம் வருமா மிஸ்?"

"ஓம், வரும் எண்டுதான் நினைக்கிறன். குளிர் வேணும். தெல்தோட்டைப் பக்கம் எண்டா பாக்கலாம். நாங்கள் வச்சுப் பாத்ததில மிச்ச விதை கொஞ்சம் கிடக்கு, கொண்டுபோங்கோ."

அடுத்த முறை வந்தபோது ஒரு காகித உறையைக் கொடுத்தார். விதை இரண்டு கைப்பிடி இருக்கும். தாலியை வாங்கிக்கொள்கிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

போஞ்சிப் பாத்தி

விதை வந்துவிட்டது. மண்? எனக்குக் கண்டியில் இருப்பது வாடகை அறையும் மேலே சொன்ன இரண்டு பூச்சட்டியும்தான். தெல்தோட்டையில் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாத்தி இருக்கிறது. பஸ் ஒன்றை நிறுத்தும் அளவு இடம். அது அண்ணியின் ராச்சியம். கம்பு நட்டு ஏற்றும் போஞ்சி, கோவா, லீக்ஸ் என்று காய்கறிகளை மாறி மாறிப் போடுவார். அண்ணன் உட்பட யாரும் அவரைக் கேட்காமல் அதில் கால் வைக்க முடியாது.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் பார்வதி. வேலையிலிருந்து நிற்கும் வரை அந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். வேகத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. கவ்வாத்து வெட்டிய தேயிலை மறுபடி துளிர்த்து வரும்போது, செடிமேல் கம்பை வைத்து உயரம் பார்த்து, அதற்கு மேலே நிற்கிற நுனிகளைக் கிள்ளுவார்கள். அப்போதுதான் செடி பக்கவாட்டில் விரிந்து நிறையக் கொழுந்து விடும். மட்டம் பார்ப்பது என்பார்கள். சாதாரண கை அதற்கு உதவாது. அந்த வேலை வந்தால் கங்காணி முதலில் கூப்பிடுவது அண்ணியைத்தான்.

வேலை நின்றது, கை நிற்கவில்லை. நடக்கும்போது வழியில் எது இருந்தாலும் நுனியைக் கிள்ளிவிடுவார். கோயில் துளசி, பக்கத்து வீட்டு மிளகாய்க் கன்று, எதுவும் தப்பாது. ஒருமுறை ஆஸ்பத்திரியில் டொக்டருக்காகக் காத்திருந்த நேரத்தில் வாசலில் இருந்த அழகுச் செடிகளுக்கெல்லாம் மட்டம் பார்த்து முடித்துவிட்டார். காவலாளி சத்தம் போட்டதற்கு, "அடுத்த மாசம் பாருங்க, எப்படிச் சடைச்சு வருதுன்னு" என்றார். சடைத்துத்தான் வந்தது.

இந்த அண்ணியிடம் போய், உணவுக்கு உதவாத ஒரு பயிருக்காகப் பாத்தியைக் கேட்டேன்.

"துணி செடியில காய்க்குமா?" என்றார்.

"காய்க்காது அண்ணி. தண்டுல நார் இருக்கு. அத எடுத்து நூலாக்கி நெய்யணும்."

"கடையில துணி இல்லையா?"

உறையைத் திறந்து விதையை அவர் முன்னால் நீட்டினேன்.  என் முகத்தில் அவருக்கு என்ன தெரிந்ததோ, ஒரு உடன்படிக்கை போட்டார்.

"ஒரே ஒரு வாட்டி தாறேன். வர்ற வருசம் தை பொறந்ததும் துணின்னு சொல்லி ஏதாச்சும் ஒண்ணு என் கையில வைக்கணும். வச்சா, வருசா வருசம் தைக்குப் பாத்தி ஒனக்கு. வைக்கல்லன்னா போஞ்சி நட்டுருவேன். அப்பறம் இந்தப் பக்கம் விதையத் தூக்கிட்டு வரக்கூடாது."

சரி என்றேன். கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அந்த வருடம் தைப்பொங்கல் முடிந்த கையோடு விதைத்தோம்.

நான் சொன்ன வார்த்தை

இப்போது அந்த ஞாயிறுக்கு வருகிறேன். தரையில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே ஒரு சுளகு நிறைய நுனிகள்.

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன விஜி, மயக்கமா? ஓடி வந்தியா?" என்று கிட்டே வந்தார். நல்லது செய்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். செடி ஒட்டடைக்கம்பு மாதிரி வளர்ந்துகொண்டே போகிறது, கிளை விடவில்லை, விஜிக்கு ஞாயிறு மட்டும்தான் நேரம், நாம் கைகொடுப்போம் என்று இரண்டு நாள் வெயிலில் நின்று ஒவ்வொன்றாகக் கிள்ளியிருக்கிறார். மேல்பாதியை மறுநாள் பார்க்கலாம் என்று விட்டுவைத்திருந்தார். அது என் அதிர்ஷ்டம்.

தப்பு என்னுடையதுதான். கிளை விடக்கூடாது என்று நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேயிலையில் வாழ்ந்த ஒருவருக்கு, கிளை இல்லாத செடி என்றால் கவனிக்க ஆளில்லாத செடி என்றுதான் படும். இதையெல்லாம் இன்றைக்கு நிதானமாக எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குக் கண்மண் தெரியவில்லை.

"யாரு ஒங்கள இதத் தொடச் சொன்னது? நாரெல்லாம் போச்சு! ஒங்க கைக்குக் கொழுந்து கிள்ளுறதத் தவிர வேற என்ன தெரியும்?"

வார்த்தை வெளியே வந்ததுமே எனக்கு உள்ளே சுருக்கென்றது. ஆனால் திரும்ப எடுக்கிற மாதிரியா அது? அண்ணி தன் வலது கையை ஒருமுறை பார்த்தார். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும், எத்தனை கழுவினாலும் போகாத கொழுந்துக் கறை. அந்தக் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அதற்குப் பிறகு என்னோடு பேச்சு இல்லை. பேசவேண்டியது இருந்தால் அண்ணன் மூலமாக வரும். மூன்று பேரும் ஒரே அடுப்படியில் இருப்போம். "ஒங்க தங்கச்சிக்கு ரொட்டி வேணுமான்னு கேளுங்க." அண்ணன் என் பக்கம் திரும்பி, "ரொட்டி வேணுமா?" "வேணும்னு சொல்லுங்கண்ணே." அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி, "வேணுமாம்." மனுசன் கழுத்து நோகத் தைலம் தேய்த்துக்கொண்டு திரிந்தார்.

பாதி நாள் நீலம்

பூத்ததா? பூத்தது! அதைச் சொல்லாமல் விட்டால் நான் மனுசியே இல்லை.

அடுத்த வாரமே மேல்பாதி விரிந்துவிட்டது. காலை எட்டு மணிக்கு நான் போய்ச் சேரும்போது, பனி விலகின பாத்தி முழுக்க நீலம். ஐந்து இதழ், விரல் நகத்தளவு. மெல்லிய காற்றுக்கே மொத்தமாகச் சாய்ந்து மொத்தமாக எழும்பியது. நான் கையைத் தட்டிவிட்டேன். பீலியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் வாளியை வைத்துவிட்டு வந்து பார்த்தார்கள். பன்னிரண்டு மணிக்குள் எல்லா இதழும் உதிர்ந்து தரையில் கிடந்தது. மறுநாள் காலையில் வேறு பூ. அரை நாளைக்கு ஒரு பூவென்று இரண்டு வாரம் அந்தக் கூத்து நடந்தது.

அண்ணி வாசலில் நின்று பார்த்ததை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். கூப்பிட வாய் வரவில்லை.

அதற்கடுத்து கீழ்ப்பாதியும் பூத்தது. கிள்ளிய ஒவ்வொரு செடியும் நாலைந்து கிளை விட்டு, ஒவ்வொரு கிளையிலும் பூ வைத்து, மேல்பாதியைவிட நீலமாக நின்றது. அதைப் பார்க்காத மாதிரி நடந்துகொண்டேன்.

சித்திரை மழையோடு ஒரு காற்று வந்தது. உயரமாக நின்ற மேல்பாதியில் பெரும்பகுதி தரையோடு படுத்துவிட்டது. படுத்த தண்டு எழும்பவில்லை, கறுத்துப்போனது. குள்ளமாக, சடைத்து நின்ற கீழ்ப்பாதிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையும் பார்க்காத மாதிரிதான் இருந்தேன்.

தண்டு அடியிலிருந்து மஞ்சளானதும் அறுவடை. அரிவாள் வைக்கக் கூடாது, நார் வேர் வரைக்கும் ஓடுவதால் வேரோடு பிடுங்க வேண்டும். நானும் அண்ணனும் கைப்பிடி கைப்பிடியாகப் பிடுங்கினோம். நார் மெல்லியதாக இருக்க வேண்டுமென்றால் காய் முற்றுவதற்கு முன்னாலேயே பிடுங்கிவிட வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். பச்சைக் காய்களைச் சீப்பால் வாரி எறிந்துவிட்டேன்.

கீழ்ப்பாதிப் பக்கம் அண்ணன் நகர்ந்தபோது வாசலிலிருந்து குரல் வந்தது. "கீழ்ப்பாதி என்னோடது. யாரும் தொட வேணாம்னு சொல்லுங்க."

மாட்டுக்குப் போடப்போகிறார் என்று நினைத்தேன். போடட்டும், எனக்கு அதில் என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

லயத்தையே கலக்கிய டிரம்

கட்டுகளைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். தண்டிலிருக்கும் பசை அழுகி, நார் தனியாகக் கழல வேண்டும். பீலிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் டிரம்மை வைத்து, கட்டுகளை அமுக்கி, மேலே கல்லை ஏற்றினேன். மூன்றாம் நாள்வரை ஒன்றுமில்லை. நாலாம் நாள் அண்ணனிடமிருந்து டெலிபோன் கோல் வந்தது.

"விஜி, லயத்துல ஒவ்வொரு வீட்டுலயும் எலி தேடுறாங்க. எங்கயோ செத்துக் கெடக்காம்."

"எலி இல்லண்ணே, என் டிரம்முதான்."

"தெரியும். வெளிய சொல்லாத. நானும் சேந்து தேடிக்கிட்டு இருக்கேன்."

கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன். ஒரு நாள் கூடினால் நாரும் சேர்ந்து அழுகிவிடும், ஒரு நாள் குறைந்தால் கழலாது. தினமும் ஒரு தண்டை எடுத்து முறித்துப் பார்த்தேன். எட்டாம் நாள் காலை, தண்டு டக்கென்று முறிந்தது. உள்ளே இருந்த கட்டை ஒரு பக்கமும், வெளியே இருந்த நார் ஒரு பக்கமுமாகப் பிரிந்தன. இழுத்தேன். வந்தது! என் கை நீளத்துக்கு, சோளக் குஞ்சத்தின் நிறத்தில், ஒரே இழையாக!

நான் போட்ட சத்தத்தில் எலி தேடுகிறவர்கள் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு இழையைக் கொடுத்து இழுக்கச் சொன்னேன். யாராலும் அறுக்க முடியவில்லை. நாற்றத்தை அந்த நேரத்தில் ஒருவரும் பேசவில்லை.

வெயிலில் காயவைத்து, மரக்கட்டையால் தட்டி, பலகையில் ஆணி அடித்துச் செய்த சீப்பில் வாரினேன். வாரும்போது மூக்கில் ஏதோ பட்டது. நின்றுவிட்டேன். நீராவிப் பெட்டியின் கீழிருந்து வந்த அதே வாசனை. தொழிற்சாலையில் இருந்த பதினெட்டு வருடமும் யாரும் எனக்குச் சொல்லாத பதில் என் மடியில் கிடந்தது. அழுதேன். தனியாக இருந்ததால் நன்றாகவே அழுதேன்.

நஸீமா ராத்தாவின் கேள்வி

வாரி முடித்தபோது மிஞ்சியது ஒரு பெண்பிள்ளையின் பின்னலளவு நார். அதைத் தூக்கிக்கொண்டு கெலிஓயாவுக்குப் போனேன். அங்கே நஸீமா ராத்தா வீட்டின் பின்னறையில் தறி வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். நான் தொழிற்சாலையில் இருந்த காலத்திலிருந்தே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

நாரைத் தடவிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ், முடி மாதிரி இரிக்கி. ஆனா தங்கச்சி, தறிக்குப் பாவு போடவே இது காணாதே. நெடுக்கால பருத்தியில பாவு போட்டு, குறுக்கால இத ஊடையாக் குடுப்பமே? ஒரு துவாய் அளவு வரும்."

"வேணாம் ராத்தா. குறுக்கும் நெடுக்கும் இதுவேதான் இருக்கணும்."

"கைக்குட்டை அளவும் வராதே."

"வர்ற அளவு வரட்டும்."

"என்ன பிடிவாதம் இது! சரி, உட்காருங்க. தண்ணி கொண்டுவாறன்."

விரலைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத்தான் இந்த நாரை முறுக்க முடியும். காய்ந்த விரலுக்கு அது வசப்படாது. புதன்கிழமை தோறும் பின்னேரம் கடையைச் சாத்திவிட்டு கெலிஓயாவுக்கு பஸ் ஏறினேன். முதல் மாதம் நான் முறுக்கியதைப் பார்த்துவிட்டு, "இது நூலா, ஆடு கட்டுற கயிறா?" என்று ராத்தா கேட்டார். ஆவணியில் கயிறு மெலிந்தது. ஐப்பசியில் நூல் என்று ராத்தாவே ஒத்துக்கொண்டார். தறிக்குக் காணாது என்பதால், மரச்சட்டத்தில் ஆணி அடித்து, ஊசியால் ஒவ்வொரு இழையாகக் கோத்து நெய்தோம். மார்கழியில் சட்டத்திலிருந்து கழற்றினோம். அகலம் ஒரு சாண், நீளம் ஒரு முழம்.

துணி! தெல்தோட்டை மண்ணில் முளைத்த லினன் துணி! ராத்தா இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி அதன்மேல் வைத்தார். வாசனை எழும்பியது. "வருது தங்கச்சி, புல்லு வாசம் வருது" என்றார். என்னைத் தவிர இன்னொரு மூக்குக்கும் அது வந்துவிட்டது.

மறுநாளே பேராதனை மிஸ்ஸுக்குக் காட்டினேன். சந்தோஷத்தில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

"அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வச்சனீங்கள்தானே அக்கா?"

 பச்சைக் காயைச் சீப்பால் வாரி எறிந்த என் கை கண்ணுக்குள் வந்தது.

"ஒங்ககிட்ட இன்னும் கொஞ்சம்...?"

"இல்லையே அக்கா. அந்த வேலை முடிஞ்சுது. கிடந்தது எல்லாத்தையும்தானே உங்களிட்டத் தந்தனான்."

போஞ்சிக் கம்பு

தை பிறந்து இரண்டாம் நாள் தெல்தோட்டைக்குப் போனேன். இம்முறை ஓடவில்லை. கைப்பையில் துணி இருந்தது. விதைக்கத்தான் ஒன்றும் இல்லை. பாத்தியை ஜெயித்து என்ன செய்வது? பூச்சட்டியில் போட்ட மருந்துக்கடை விதையையா மறுபடி போடுவது?

லயத்தின் பின்பக்கம் திரும்பினேன். பாத்தி கொத்திப் புரட்டி, சீராக்கியிருந்தது. மண் ஈரமாக, கறுப்பாகக் கிடந்தது. நான்கு ஓரமும், நடுவில் வரிசை வரிசையாகவும், புதிதாகச் சீவிய கம்புகள் நட்டிருந்தன.

போஞ்சிக் கம்பு.

 இன்னும் இரண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? நான் துணி கொண்டுவர மாட்டேன் என்று அவ்வளவு நிச்சயமா? அண்ணி கம்புகளுக்கு நடுவில் குந்தி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பத்து மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக, அண்ணன் நடுவில் இல்லாமல், நேராக அவரிடம் பேசினேன்.

"போஞ்சி நட்டுட்டீங்களா அண்ணி?"

நிமிர்ந்து பார்த்தார். கயிற்றைக் கீழே வைத்தார்.

"போஞ்சிக்கு எவளாவது இடுப்பளவுல குறுக்கால கயிறு கட்டுவாளா? போன வாட்டி காத்துக்கு எல்லாம் படுத்துருச்சுல்ல. இந்த வாட்டி சாஞ்சா கயிறு தாங்கிக்கும்."

 அண்ணி எழுந்து வீட்டுக்குள் போய், ஒரு பால்மா டின்னோடு வந்தார். மூடியைத் திறந்து என் முன்னால் நீட்டினார். விளிம்பு வரைக்கும் விதை. பழுப்பாக, எண்ணெய் தடவின மாதிரி மினுமினுவென்று. நான் மிஸ்ஸிடம் வாங்கியதுபோல் பத்து மடங்கு இருக்கும்.

"கீழ்ப்பாதியா அண்ணி?"

"வேற எது? கிள்ளுனா சடைக்கும். சடைச்சா நெறையப் பூக்கும், காய்க்கும். நல்லா முத்த விட்டு எடுத்தேன். நீ எல்லாத்தையும் பிஞ்சுலயே வாரி எறிஞ்சப்பவே நெனச்சேன், இவ அடுத்த வருசத்துக்கு எத விதைப்பான்னு." டின்னைத் தரையில் வைத்தார். "சொல்லியிருப்பேன். கோவமா இருந்தேன்."

"அண்ணி, அன்னைக்கு நான் சொன்னது..."

"துணி எங்க?"

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு முனையையும் பிடித்துப் பலமாக இழுத்தார். மூக்கில் வைத்தார்.  அந்த ஒரு முழத்துக்கு அவருடைய பாத்தியும் என்னுடைய ஒரு வருடமும் போயிருக்கிறது. 

"துணிதான்" என்றார்.

பிறகு அந்தத் துணியைத் தன் வலது கையில் வைத்துச் சுற்றத் தொடங்கினார். கறை படிந்த கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, இரண்டு சுற்று, மூன்று சுற்று. முனையை என் பக்கம் நீட்டினார்.

"முடிச்சுப் போடு."

"எதுக்கு அண்ணி?"

"நுனியப் பாத்தா இந்தக் கை சும்மா இருக்காது. மேல்பாதி பூத்து முடியிற வரைக்கும் கட்டு இருக்கட்டும். கீழ்ப்பாதிக்கு மட்டம் பாக்குறப்ப மட்டும் நீயே அவுத்து விடு. விதை வேணும்ல?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முதல் முடிச்சு நழுவியது. இரண்டாவதை இறுக்கிப் போட்டேன். அண்ணி கையை ஆட்டிப் பார்த்துவிட்டு, டின்னுக்குள் இடது கையை விட்டு ஒரு பிடி விதையை அள்ளினார்.

"நெருக்கமாத்தானே விதைக்கணும்? தள்ளி நில்லு."